மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா?

காதலிலும் போரிலும் பெண் வெல்வதைத் தமிழ்க் கதைகள் தடுப்பதில்லை. வென்ற பிறகு செங்கோலை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் சண்டை.

புதிதாகக் கல்யாணமான தம்பதி விருந்துக்குப் போன இடத்தில் தப்பிக்க முடியாத கேள்வி இது: "என்னப்பா, உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" கேட்பவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். மதுரை என்றால் மனைவி ஆட்சி. சிதம்பரம் என்றால் கணவன் ஆட்சி. மாப்பிள்ளை, "மதுரைதான் மாமா, வேற வழி?" என்பார். பெண், "சும்மா சொல்றாரு, எல்லாம் சிதம்பரம்தான்" என்பாள். ஆட்சியை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டுச் சிரிப்பார்கள். கேட்டவரும் சிரிப்பார். அதற்குள் இலை போட்டுவிடுவார்கள்.

அந்த இரண்டு ஊர்க் கதைகளையும் பொறுமையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் குறையும். இரண்டிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். ஓர் ஊரில் போர்க்களம், இன்னோர் ஊரில் ஆடரங்கம். இரண்டு இடத்திலும் பெண் திறமையில் ஒரு மாற்றும் குறைந்தவள் இல்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் தலை கவிழ்ந்தது அவளுக்குத்தான்.

கயிலாயம் வரை போனவள்

மலையத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வரம் வேண்டிச் செய்த வேள்வியில் தோன்றியவள் தடாதகை. மூன்று வயதுச் சிறுமி, மூன்று தனங்களோடு. கலங்கிப்போன அரசனுக்கு அசரீரி ஆறுதல் சொன்னது: இவளை மகனைப் போல வளர்த்து முடிசூட்டு, கணவனாகப் போகிறவனைக் காணும்போது மூன்றாவது தனம் மறைந்துவிடும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதை விரிவாகப் பாடுகிறது. படைக்கலமும் குதிரையேற்றமும் கற்றுப் பாண்டிய நாட்டுக்கு அரசியான தடாதகை, எட்டுத் திசைக் காவலர்களையும் வென்று கடைசியில் கயிலாயத்தையே வளைக்கிறாள். பூதகணங்கள் தோற்று ஓடுகின்றன. சிவன் எதிரே வந்து நிற்கிறார். மூன்றாவது தனம் மறைகிறது, நாணம் வருகிறது, போர் நின்றுவிடுகிறது.

மதுரை இதை ஒவ்வொரு சித்திரையிலும் நடத்திக் காட்டுகிறது. திருவிழாவின் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் மாசி வீதிகளில் திக்குவிஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். மூன்றே நாளில் ஒருத்தி அரசியாகி, உலகை வென்று, மனைவியும் ஆகிவிடுகிறாள். அம்மனுக்குத் தாலி ஏறும் நேரத்தில், கூடியிருக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் கழுத்திலும் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். முந்தாநாள் நடந்த பட்டாபிஷேகத்துக்காக யாரும் எதையும் மாற்றிக்கொள்வதில்லை.

மதுரைக்காரர்கள் இதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "எங்க ஊர்ல முதல்ல அம்மன், அப்புறந்தான் சுவாமி" என்பார்கள். உண்மைதான். வழிபாட்டு வரிசை அப்படித்தான். இரவில் பள்ளியறைக்குப் பல்லக்கில் போவதும் சுவாமியின் பாதங்கள்தான். பள்ளியறை இருப்பது அம்மன் சன்னதியில். அந்த வகையில் சொக்கநாதர் மதுரைக்கு வீட்டோடு மாப்பிள்ளை.

ஆனால் அதே கோயிலின் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். சித்திரையில் முடிசூடும் மீனாட்சி ஆடி வரைக்கும் நான்கு மாதம் ஆள்கிறாள். ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம். அடுத்த சித்திரை வரை எட்டு மாதம் அவருடைய ஆட்சி. பெண்ணாட்சிக்கு ஊரே உவமையாகச் சொல்லும் மதுரையில் பெண்ணின் பங்கு மூன்றில் ஒன்று.

பட்டாபிஷேகத்தன்று மீனாட்சியின் செங்கோலை அம்மன் சார்பில் வாங்கிக்கொள்பவர் கோயில் நிர்வாகத் தலைவர். 2024இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண். கணவரை இழந்தவர் செங்கோலை வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒருவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கல்யாணம் ஆவதற்கு முன்பே முடிசூடித் திசையெட்டும் வென்ற ஓர் அரசியின் செங்கோலைத் தொடுவதற்கு, ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன வழக்கு அது.

தில்லையில் ஒரு பந்தயம்

சிதம்பரத்துக் கதையில் காதல் கிடையாது, போட்டி மட்டும்தான். தில்லை வனத்துக் காளிக்கும் சிவனுக்கும் யார் பெரியவர் என்ற தகராறு. ஆடித் தீர்த்துக்கொள்ளலாம், தோற்றவர் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். சிவன் ஆடிய ஒவ்வொன்றையும் காளியும் ஆடுகிறாள். முடிவு எட்டாத நிலையில் அவர் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிறார். சபையில் அப்படிக் காலைத் தூக்கக் காளிக்குக் கூச்சம். ஆட்டத்தை நிறுத்துகிறாள், தோற்றதாகத் தீர்ப்பு. இன்றைக்கும் தில்லைக் காளியம்மன் கோயில் ஊரின் வடக்கு எல்லையில் தனியே இருக்கிறது. காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் 13ஆம் நூற்றாண்டில் கட்டியது.

ஆடத் தெரியாமல் காளி தோற்கவில்லை. ஆணுக்கு வித்தையாக இருப்பது பெண்ணுக்கு மானக்கேடாக இருக்கும் என்ற விதி, போட்டி தொடங்குவதற்கு முன்பே யாரோ எழுதி வைத்தது. அந்த ஓர் அசைவு போதுமானதாக இருந்தது. நடராஜர் பக்கத்தில் சிவகாமி நிற்கிறாள், அவர் ஆட்டத்தைப் பார்த்தபடி. பார்த்துக்கொண்டிருப்பவளுக்குச் சபையில் இடம் கிடைத்தது. சரிக்குச் சரி ஆடியவளுக்கு ஊர் எல்லை கிடைத்தது. இந்தக் காட்சியை மதுரையும் விட்டுவைக்கவில்லை. மீனாட்சி கோயிலிலேயே சுவாமி சன்னதி முன்னால் ஊர்த்துவ தாண்டவரும் காளியும் ஆளுயரத்துக்கு மேல் கல்லில் நிற்கிறார்கள். கோபம் தணியட்டும் என்று காளிமேல் வெண்ணெய் உருண்டை வீசும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. அநியாயமாகத் தோற்றவளைக் குளிரவைப்பதற்கு ஊர் கண்டுபிடித்த வழி.

பெண் கேட்டு வந்த படைகள்

தெய்வக் கதைகளை விட்டு மனிதர்களிடம் வருவோம். சங்க இலக்கியம் வாழ்க்கையை அகம், புறம் என்று காதலுக்கும் போருக்கும் பங்குபோட்டு வைத்தது. இரண்டும் முட்டிக்கொள்ளும் ஒரு துறையும் அதில் உண்டு: மகட்பாற்காஞ்சி. பேரரசன் ஒருவன் சிற்றூர்த் தலைவனிடம் பெண் கேட்கிறான். தகப்பன் மறுக்கிறான். அண்ணன்மார் வேலைத் தீட்டுகிறார்கள். யானைகள் கட்டிக் கட்டி மரங்கள் சாய்கின்றன, குளம் கலங்குகிறது, ஊர் அழியப்போகிறது. புறநானூற்றில் இந்தத் துறையில் ஒரு வரிசையே பாடல்கள் இருக்கின்றன.

அந்தப் பாடல்களில் எல்லோரும் பேசப்படுகிறார்கள். கேட்ட வேந்தனின் சினம், மறுத்த தந்தையின் மானம், புலவரின் கவலை எல்லாம் உண்டு. பெண்ணை வளர்த்த தாய்க்குக்கூடத் திட்டு விழுகிறது. அந்தப் பெண்ணுக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்ற ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டதற்கு அவன் மகளிரைத் தர மறுத்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பாரி மாண்டான், மலை போயிற்று. அந்தப் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி ஊர் ஊராக அலைந்தவர் கபிலர். போர் முடிந்த பிறகும் அவர்களுடைய கதை, யார் கையில் பிடித்துக் கொடுப்பது என்ற இடத்திலேயே நின்றது.

தூக்கத்தில் ஏறிய தாலி

படித்தவர்களின் இலக்கியம் இப்படி என்றால், நாட்டுப்புறம் அல்லியைப் படைத்தது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலை, பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்று, திண்ணைகளில் உரக்கப் படிக்கப்பட்டு, கூத்தாகவும் நாடகமாகவும் ஊர் ஊராகப் போனது. மதுரையை ஆளும் அல்லிக்கு அமைச்சரும் பெண், காவலும் பெண், படையும் பெண். ஆண் வாடையே ஆகாது.

தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவள்மேல் ஆசைப்படுகிறான். நேராகப் போய்க் கேட்கும் துணிச்சல் வில்லுக்கு விஜயனுக்கு இல்லை. கண்ணன் துணையோடு பாம்பு வடிவில் அவள் படுக்கையறைக்குள் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். விழித்தவள் கொதிக்கிறாள், படை திரட்டுகிறாள். ஆனாலும் கதை அவளை அவன் மனைவியாக்கி, பிள்ளையும் பெறவைத்து முடிக்கிறது. விவரங்கள் ஊருக்கு ஊர் மாறும். அந்த முடிச்சு மாறுவதில்லை. பிறகு அந்தப் பிள்ளையின் பவளத்தேர் ஆசைக்காகப் புறப்படும் அர்ச்சுனன், பவளக்கொடியையும் மணந்துகொண்டு வருகிறான். அந்தக் கதைதான் 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 'பவளக்கொடி' படமாகி, தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தது.

திண்ணையில் இதைக் கேட்ட பெண்களுக்கு முதல் பாதிதான் பிடித்திருக்க வேண்டும். ஆண்களுக்குப் பிற்பாதி. இருவரும் ஒரே கதையை விரும்பிக் கேட்டார்கள் என்பதில்தான் அதன் சாமர்த்தியம். அல்லி தோற்றாலும் பெயர் நிலைத்தது. ஆனால் எப்படி நிலைத்தது? அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி கறாராக இருந்தால், "இங்க அல்லி ராஜ்யந்தான்" என்று முணுமுணுப்பதற்கு.

கணவன் போன பிறகு வந்த அரியணை

மதுரைக்கு இன்னொரு பெண்ணும் வந்தாள். அவளுக்கு நாடு இல்லை, படை இல்லை, ஒற்றைச் சிலம்பு இருந்தது. கோவலன் மாதவியிடம் போய்த் திரும்பிவரும் வரை புகாரில் கண்ணகி குரல் உயர்த்தியதே இல்லை. அவன் வெட்டுப்பட்ட பிறகு அவளே அரசவையில் நியாயம் கேட்டு, அரசனை வென்று, தன் இடமுலையைத் திருகி எறிந்து நகரத்தை எரித்தாள். தடாதகை ஒரு தனத்தை இழந்து மனைவியானாள். கண்ணகி ஒரு தனத்தை எறிந்து கணவனில்லாத பெண்ணின் முழு ஆற்றலைக் காட்டினாள். இரண்டும் ஒரே ஊரில் நடந்தவையாகச் சொல்லப்படுவது தற்செயலாக இருக்கலாம். அந்த ஊரின் வரலாறு திரும்பத் திரும்ப அதே வழியில் போனது.

ராணி மங்கம்மாள் ஆட்சிக்கு வந்தது 1689இல். கணவர் சொக்கநாத நாயக்கர் 1682இலேயே மறைந்திருந்தார். மகனும் அம்மை நோயில் போன பிறகு, கைக்குழந்தையான பேரனின் பெயரால் 1706 வரை ஆண்டார். முகலாயரிடம் திறை கட்டிச் சமாளித்தார். தேவையான இடத்தில் படையும் அனுப்பினார். சாலை போட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. ஆனால் ஊர் வாய்க்குப் பிடித்தது வேறு: அமைச்சரோடு அவரைச் சேர்த்துப் பேசிய வம்பு. பேரன் பெரியவனானதும் பாட்டியைச் சிறைவைத்துப் பட்டினியால் சாகவிட்டான் என்ற கதையும் அதோடு சேர்ந்து நிற்கிறது. திருமலை நாயக்கருக்கு எத்தனை மனைவியர் என்பதை அவருடைய ஆட்சித் திறமையோடு யாரும் முடிச்சுப் போட்டதில்லை.

அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதர் 1732இல் வாரிசில்லாமல் இறக்க, அவர் மனைவி அரசியானார். பெயர் மீனாட்சி. பங்காளிகளின் சண்டைக்கு நடுவே சமரசம் பேச வந்த சந்தா சாகிப் சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு அதை மீறி ராணியைச் சிறைப்படுத்தினார். அரசி நஞ்சுண்டு இறந்தார். நாயக்க வம்சத்தின் ஆட்சி அவரோடு முடிந்தது. ராணி சந்தா சாகிப்மேல் மயங்கிப் போனதால்தான் ஏமாந்தார் என்றும் கதை கட்டினார்கள். ஆண் ஏமாந்தால் அது ராஜதந்திரத் தோல்வி. பெண் ஏமாந்தால் காதல் தோல்வி.

வேலு நாச்சியார் கதை அசரீரி சொன்னபடி நடந்தது போலவே இருக்கும். ராமநாதபுரம் செல்லமுத்து சேதுபதிக்கு ஆண் வாரிசு இல்லாததால் மகனைப் போல வளர்க்கப்பட்டவர். சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டவர். 1772இல் காளையார்கோவிலில் கம்பெனிப் படை கணவரைக் கொன்ற பிறகுதான் வரலாறு அவரைத் தனியாக எழுதத் தொடங்குகிறது. விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் எட்டு ஆண்டுகள்; ஐதர் அலியிடம் உதவி; மருது சகோதரர்கள் துணை; 1780இல் சிவகங்கையை மீட்டு முடிசூடினார். ஆங்கிலேயரிடம் இழந்த நாட்டைப் போரிட்டு மீட்ட ஒரு பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது? மகள் வெள்ளச்சியை மணந்த வேங்கை பெரிய உடையணத் தேவர் அரசரானார். ஒரே தலைமுறையில் செங்கோல் மாப்பிள்ளை கைக்குப் போயிற்று.

நவீன காலத்துக்கும் இந்தப் பட்டியல் நீள்கிறது. உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, கணவர் சுட்டுக் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1960இல் பதவிக்கு வந்தார். இந்திரா 1966இல் பிரதமரானபோது பெரோஸ் காந்தி உயிரோடு இல்லை. தமிழகத்தின் முதல் பெண் முதல்வர் ஜானகி, எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு 1988இல் சில வாரங்கள் அந்த நாற்காலியில் இருந்தார். இரண்டாமவர் ஜெயலலிதா மணமாகாதவர். பெண்ணின் ஆட்சியை இந்த மண் ஏற்றுக்கொள்ளாமல் இல்லை. பக்கத்தில் கணவன் இல்லாதபோது ஏற்றுக்கொள்கிறது.

கணவன் இருக்கும்போதே அதிகாரம் செலுத்தியவர்களே இல்லையா என்றால், மதுரையிலேயே மங்கையர்க்கரசியார் உண்டு. சமணத்தில் இருந்த கூன்பாண்டியனைச் சைவத்துக்குத் திருப்பச் சம்பந்தரை வரவழைத்தவர். நாட்டின் சமயத்தையே மாற்றினார். ஆனால் கணவன் மனத்தை மாற்றுவதன் வழியாகத்தான். காரைக்கால் அம்மையாரின் வழி வேறு. மனைவியின் ஆற்றலைக் கண்டு மிரண்ட பரமதத்தன் ஊரை விட்டே போய், வேறு கல்யாணமும் செய்துகொண்டான். தேடி வந்தவளின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று புனிதவதி அதையும் உதறிப் பேயுருக் கொண்டாள். ஒருத்தி கணவன் மூலமாக வென்றாள், இன்னொருத்தி கணவனை விட்டு வென்றாள். கணவனோடு சமமாக உட்கார்ந்து ஆண்டவள் கதை இன்னும் பாக்கி.

சட்டம் கிழித்த கோடு

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாதபடி நம் சட்டமும் அதே இடத்தில் ஒருமுறை கோடு கிழித்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழக அரசு பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. நாட்டின் முன்னோடிச் சட்டங்களில் ஒன்று. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்குப் பங்கு இல்லை. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் தாலி சுவராக நின்றது. 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தந்தை அப்போது உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் தெளிந்தாலும் சண்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே அதன் பெயர் விடுதலைப் பத்திரம். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே. ஒரு கையெழுத்துதான்மா" என்பார் அண்ணன். மறுத்தால் பொங்கல் சீர் நிற்கும், தாய்மாமன் மாலை நிற்கும், பிறந்த வீட்டுக் கதவு பாதி மூடும். கையெழுத்துப் போடும் தங்கைக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. பாசத்துக்கு விலை எவ்வளவு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காதலைப் போலப் பாசமும் இங்கே ஓர் ஆயுதம். வாள் எடுக்காமலே நிலம் கைமாறுகிறது.

தலைவரும் தலைவரம்மாவும்

தமிழக உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடங்கள் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. கணவன் பக்கத்தில் இருக்கும்போதே ஆயிரக்கணக்கான மனைவிகளுக்கு நாற்காலி கிடைத்தது. அதனாலேயே போராட்டம் அந்த நாற்காலியைச் சுற்றியே நடக்கிறது. சுவரொட்டியில் வேட்பாளர் பெயர் அவருடையது, கைகூப்பும் பெரிய படம் கணவருடையது. ஜெயித்த பிறகு ஊரில் பலர் "தலைவர்" என்று கூப்பிடுவது கணவரை. பதவியில் இருப்பவர் "தலைவரம்மா". காசோலையில் கையெழுத்து அம்மாவுடையது, ஒப்பந்தக்காரரிடம் பேச்சு ஐயாவுடையது.

இது முழுக் கதையும் இல்லை. கணக்கைத் தானே படித்து, கிராம சபையில் தானே மைக் பிடித்து, குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குத் தானே நடக்கும் தலைவிகள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சண்டை நடக்காமல் இருந்திருக்காது. அந்தச் சண்டையைப் பாட எந்தப் புலவரும் வரவில்லை, திருவிழாவும் எடுக்கவில்லை. ஆனால் தடாதகை போகாத தூரத்துக்கு அவர்கள் போயிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் செங்கோலைக் கீழே வைக்கவில்லை.

பெண்ணை வீராங்கனையாக்கிச் சிலை வைப்பதில் நமக்குச் சிரமமே இல்லை. வேலு நாச்சியாருக்கு 2008இல் தபால்தலை வந்தது. எல்லாக் கட்சிகளும் மாலை போடுகின்றன. சிரமம் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம்தான். அவள் ஜெயிப்பதைக் கைதட்டிப் பார்த்துவிடலாம். ஜெயித்ததை அவளே வைத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புது அரசாணை தேவையில்லை. தங்கையிடம் நீட்டிய விடுதலைப் பத்திரத்தை அண்ணன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கிராம சபைக்குத் தலைவியை மட்டும் அனுப்பிவிட்டு, கணவர் எதிரே போட்டிருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, தன் தெரு விளக்கு ஏன் எரியவில்லை என்று எழுந்து கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் மேடையில் இருக்கிறார்.